இரண்டு தடவை விழுந்த 1955

1955இல் அமெரிக்காவின் ஒரு சென்ட் காசை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எடை 3.11 கிராம், குறுக்களவு 19 மில்லிமீட்டர், நூற்றுக்கு 95 பங்கு செம்பு, மிச்சம் வெள்ளீயமும் துத்தநாகமும். தலைப்பக்கத்தில் வலப்புறம் பார்க்கும் ஆபிரகாம் லிங்கன். பூப்பக்கத்தில் பூவுக்குப் பதில் இரண்டு கோதுமைக் கதிர்கள். லித்துவேனியாவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய சிற்பி விக்டர் டேவிட் பிரென்னர், லிங்கன் பிறந்து நூறாண்டு நிறைந்த 1909இல் வடித்துக் கொடுத்த உருவம் அது. பிலடெல்பியா நாணயச்சாலை மட்டும் 1955இல் இந்தக் காசை 33 கோடி அடித்தது. அவற்றில் இருபதாயிரத்துச் சொச்சம் காசுகளில் ‘1955’ என்ற ஆண்டு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. லிங்கனின் தலைக்கு மேலே வளைந்து ஓடும் ‘இன் காட் வீ டிரஸ்ட்’ வாசகமும், இடப்பக்கத்து ‘லிபர்ட்டி’யும் அதேபோல இரட்டை. பூதக்கண்ணாடி வேண்டாம். கையில் வாங்கிப் பார்த்ததுமே, நமக்குத்தான் தூக்கம் போதவில்லையோ என்று கண்ணைக் கசக்கத் தோன்றும்.

புழங்கிப் பழசான அப்படி ஒரு காசுக்கே இன்று ஆயிரம் டாலர் அளவில் கேட்கிறார்கள். செம்பின் சிவப்பு மாறாமல் இருந்தால் விலை பல மடங்கு ஏறும். பிழையான காசு, அதனால் விலை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பிழையான காசுகள் வியாபாரிகளின் டப்பாக்களில் கொட்டிக் கிடக்கின்றன. ஓரம் சற்று நகர்ந்தது, எழுத்தில் செம்பு நிரம்பி மொழுக்கென்று ஆனது, விளிம்பில் ஒரு துண்டு குறைந்தது என்று பலவிதம். பலவற்றுக்கு டீச்செலவுகூடத் தேறாது. இந்த 1955க்கு மட்டும் ஏன் இந்த மவுசு என்பதற்கு, அது வந்த வழியைத்தான் பார்க்க வேண்டும்.

காசுக்கு முன்னால் எஃகு. நாணயச்சாலையில் முதலில் இருப்பது தாய் அச்சு. காசில் இருப்பதுபோலவே அதில் உருவம் மேடாக இருக்கும். அதை இன்னொரு எஃகுத் துண்டின் மேல் பெரும் அழுத்தத்தில் வைத்து அமுக்கினால், அந்தத் துண்டில் உருவம் பள்ளமாகப் பதியும். அதுதான் காசு அடிக்கும் அச்சு. அந்தக் காலத்தில் ஒரே அமுக்கில் உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. முதல் அமுக்கிலேயே எஃகு இறுகிவிடும். அதை உலையில் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டு, இளக வைத்து, மறுபடியும் தாய் அச்சின் கீழே வைத்து அமுக்குவார்கள். இரண்டாம் தடவை வைக்கும்போது முதல் தடத்தின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். 1955இல் ஓர் அச்சு அப்படி உட்காரவில்லை, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் சரியாக விழாத ரப்பர் ஸ்டாம்பை அதே இடத்தில் இன்னொரு தடவை குத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

திரும்பியது என்பதைக் கவனிக்க வேண்டும், நகரவில்லை. வட்டத்தைத் திருப்பினால் நடுவில் அசைவு தெரியாது, ஓரத்துக்குப் போகப் போகத்தான் இடைவெளி கூடும். அதனால்தான் நடுவில் இருக்கும் லிங்கனின் முகம் ஏறக்குறைய ஒற்றையாகவே இருக்கிறது. விளிம்பை ஒட்டிய வாசகமும் ஆண்டும் மட்டும் பிளந்து நிற்கின்றன. பூப்பக்கத்து அச்சு வேறு, அதில் ஒரு குறையும் இல்லை. யாராவது கோதுமைக் கதிரும் சேர்ந்து இரட்டையாகத் தெரியும் 1955ஐக் காட்டி இதுதான் அது என்று சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அந்த அச்சைப் பரிசோதித்தவர் கண்ணில் குறை படவில்லை. அது அச்சு இயந்திரத்தில் ஏறியது. பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் சென்ட் அடித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றின் காசும் போய்ச் சேரும் இடத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். இரவு வேலையில் ஒருவர் பிழையைக் கண்டுபிடித்து இயந்திரத்தை நிறுத்தி, அச்சைக் கழற்றினார். அதற்குள் சுமார் 40,000 காசுகள் விழுந்திருந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கையில் பிடிபட்டவை உருக்கப் போயின. மீதி இருபதாயிரத்துச் சொச்சம், ஒரு கோடி அளவிலான நல்ல காசுகளோடு ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தது. இனி இரண்டு வழி. ஒரு கோடி சென்டையும், அதாவது ஒரு லட்சம் டாலர் முகமதிப்புள்ள செம்பையும், உருக்கிக் கொட்டுவது. அல்லது கண்டுகொள்ளாமல் வெளியே விடுவது. வெளியே விட்டார்கள். ஒரு சென்டுக்கு இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று யாரோ ஓர் அதிகாரி எடுத்த முடிவு அது. அரசு அலுவலகங்களில் எடுக்கப்பட்ட சோம்பேறி முடிவுகளில் இவ்வளவு பேரைச் சந்தோஷப்படுத்தியது வேறு எதுவும் இருக்குமா என்பது சந்தேகம்.

பிறகு சிகரெட்டோடு ஒரு பயணம். அப்போது தானியங்கிப் பெட்டிகளில் ஒரு பாக்கெட் சிகரெட் 23 சென்ட். பெட்டி வாங்கிக்கொள்வதோ 25 சென்ட் காசு. மீதி இரண்டு சென்டைத் திருப்பித் தரும் வசதி பெட்டிக்குக் கிடையாது. அதனால் பாக்கெட்டைச் சுற்றிய கண்ணாடித்தாளுக்குள் இரண்டு சென்ட் காசுகளை முன்கூட்டியே செருகி வைத்து விற்றார்கள். இரட்டை விழுந்த காசுகளில் கணிசமான பகுதி இப்படித்தான் மாசசூசெட்ஸிலும் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும் வெளியே வந்தது. சிகரெட் பிடிப்பவர் பாக்கெட்டைப் பிரிக்கும்போது மடியில் விழுந்த இரண்டு காசுகளில் ஒன்று விசித்திரமாக இருந்தது. ஒரே வட்டாரத்தில், குறுகிய காலத்துக்குள், பலர் கையில் இதே விசித்திரம். நாடு முழுக்கச் சிதறிப் போயிருந்தால் ஆளுக்கொன்றைப் பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள். ஓரிடத்தில் கொத்தாக வந்ததால் பேச்சு கிளம்பியது, பேச்சு வியாபாரிகள் காதுக்கும் எட்டியது.

வியாபாரிகள் உடனே பாய்ந்துவிடவில்லை. அன்றைய சேகரிப்பாளர்களுக்குக் காசு என்றால் ஆண்டும் நாணயச்சாலையும்தான். சென்ட் சேர்ப்பவர்களிடம் நீல அட்டை ஆல்பம் இருக்கும். ஆண்டுக்கொரு குழி, நாணயச்சாலைக்கொரு குழி. டென்வரில் அடித்ததற்கு ஒன்று, சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததற்கு ஒன்று. குழியை நிரப்புவதே விளையாட்டு. அச்சுப் பிழைகளை அவர்கள் தொழிற்சாலைக் கழிவாகவே பார்த்தார்கள். ஆனால் இந்தக் காசின் பிழை ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கில் இருந்தது. பிழை அச்சில் இருந்ததால் அந்த அச்சு அடித்த ஒவ்வொரு காசும் மற்றதன் நகல். ஆகவே அதற்கு ஒரு பெயர் வைக்க முடிந்தது, விவரித்து எழுத முடிந்தது. ‘ரெட் புக்’ என்று எல்லோரும் சொல்லும் ஆர். எஸ். யோமனின் விலைப்பட்டியலில் அதற்கென்று ஒரு வரி வந்தது. பட்டியலில் வரி வந்துவிட்டால் அது இல்லாத தொகுப்பு குறைபட்ட தொகுப்பு. இப்போது லட்சக்கணக்கான சென்ட் சேகரிப்பாளர்களுக்கு இருபதாயிரத்துச் சொச்சம் காசுகள் போதவில்லை.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்த எண்ணிக்கைதான். உலகத்தில் ஒன்றே ஒன்று என்றால்தான் விலை என்று நினைக்கிறோம். பிழைக் காசுகளில் ஒன்றே ஒன்று என்பது சாதாரணம். உருவம் பதியாத வட்டத் தகடான வில்லை வசம் தவறி விழுந்து பாதி மட்டும் அச்சான காசு ஒவ்வொன்றும் தனிப்பிறவி, அதே கோணத்தில் இன்னொன்று இருக்காது. அதனாலேயே அதற்குச் சந்தை விலை என்று ஒன்று உறுதிப்படுவது கடினம். வாங்குகிறவர் மனசு எப்படியோ அப்படி. அங்கேகூட, பாதி அளவு நகர்ந்தும் ஆண்டு முழுசாகத் தெரிந்தால் ஆள் வருவார்கள். ஆண்டு தெரியாமல் போய்விட்டால் ஆர்வம் பாதியாகிவிடும். 1955இன் இரட்டைக் காசோ வேண்டுமளவுக்கு அரிது, விலை பேசுமளவுக்குத் தாராளம். ஏலத்துக்கு ஏலம் வந்து கொண்டே இருப்பதால் அதன் விலை எல்லோருக்கும் தெரியும்.

விலை ஏறியதும் கூடவே போலிகளும் ஏறின. இந்தக் காசு அளவுக்குப் போலி செய்யப்பட்ட அமெரிக்கச் சென்ட் அதிகமில்லை. ஆகவே ஒரு 1955ஐக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது தலைப்பக்கத்தை அல்ல, குறையே இல்லாத பூப்பக்கத்தை. அங்கே ‘சென்ட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தான ‘டி’யின் இடப்புறம் மயிர்போல மெல்லிய செங்குத்துக் கீறல்கள் இருக்க வேண்டும். அசல் காசுகளை அடித்த பூப்பக்க அச்சில் இருந்த கீறல் அது. போலி செய்கிறவர்களுக்கு இரட்டை எழுத்து கண்ணில் பட்டது, இது பலருக்குப் படவில்லை. பிறகு தராசில் வைத்து 3.11 கிராமுக்கு அருகே வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆண்டுக்குக் கீழே ‘டி’ என்றோ ‘எஸ்’ என்றோ நாணயச்சாலைக் குறி இருந்தால் பார்க்கவே வேண்டாம். பிலடெல்பியா சென்டுக்கு அன்று குறி கிடையாது.

அசலாக இருந்தும் ஏமாற்றும் காசுகள் இன்னொரு வகை. அதே 1955இலேயே கடைசி ‘5’ மட்டும் லேசாக இரட்டித்தாற்போல் தெரியும் காசுகள் ஏராளம். ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று வியாபாரிகள் கேலியும் கருணையும் கலந்து பெயர் வைத்திருக்கிறார்கள். அது அச்சு தேய்ந்து கரைந்ததால் வந்த தடிப்பு. தாய் அச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதியவர்கள் இதை வாங்கித்தான் தொழில் கற்கிறார்கள். மூன்றாவது, எல்லா நாட்டுக் காசுகளிலும் உள்ள இயந்திர இரட்டை. அச்சு தளர்ந்திருந்தால், காசை அடித்து விலகும் நொடியில் லேசாக அசைந்து, எழுத்தின் ஒரு பக்கத்தைச் சீவிவிடும். நம்மூர் ரூபாய்க் காசுகளிலும் இது தாராளம். அச்சிலேயே இரட்டித்ததையும் இதையும் பிரித்தறிய எழுத்தின் ஓரத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அச்சிலேயே இரட்டித்தது என்றால் இரண்டாவது எழுத்தும் முதலாவதைப்போலவே உருண்டு திரண்டு இருக்கும், முனைகள் தெளிவாகப் பிளந்திருக்கும், எழுத்து மொத்தத்தில் தடிப்பாகும். இயந்திர இரட்டையில் இரண்டாவது எழுத்து படிக்கட்டுபோலத் தட்டையாக, பளபளவென்று கிடக்கும். அசல் எழுத்தையே அரித்துத் தின்றிருக்கும். முதலாவதற்குப் பணம். இரண்டாவதற்கு முகமதிப்பு.

ரயில் தண்டவாளத்தில் நசுக்கியது, அமிலத்தில் போட்டு மெலிந்தது, இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் சேர்த்து நெரித்து எழுத்தைத் தலைகீழாகப் பதித்தது எல்லாம் பிழைக் காசு என்று வலம் வருகின்றன. பழகிய வியாபாரி ஒருவர் கேட்பது ஒரே கேள்விதான். நாணயச்சாலையின் எந்தப் படியில் இது நடந்திருக்க முடியும்? வில்லை வெட்டும்போதா, அச்சு செய்யும்போதா, அடிக்கும்போதா? எந்தப் படியிலும் பொருந்தாவிட்டால் அது வெளியே நடந்த விபத்து. இந்தக் கேள்வியைக் கேட்க நாணயச்சாலை வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விலைப்பட்டியலை மனப்பாடம் செய்தவர்களை இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள்.

சில சமயம் அரசாங்கத்துக்கே குழப்பம் வந்துவிடும். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த சென்டில் இதேபோன்ற அசல் இரட்டை அச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கள்ள இரட்டைச் சென்ட் அடித்தவர்கள் சிலர் பிடிபட்டிருந்தார்கள். அதனால் இந்த அசல் காசுகளையும் ரகசியப் பாதுகாப்புப் பிரிவு கள்ளக்காசு என்று பறிமுதல் செய்தது. பிறகுதான் அவை அரசின் சொந்தப் பிழையே என்று தெரிந்தது. அந்த ஆண்டின் இரட்டை இன்று 1955ஐவிடவும் மிக அரிது.

1955க்குத் திரும்புவோம். இந்தக் காசுகளில் எழுத்து மழுங்கும் அளவுக்குத் தேய்ந்தவை அபூர்வம். பெரும்பாலானவை கொஞ்சம் புழங்கியவை, அவ்வளவுதான். வெளியே வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆட்கள் பொறுக்கி எடுத்து ஒதுக்கிவிட்டதால் தேய்வதற்குக் காலம் கிடைக்கவில்லை. ஆகவே சந்தையில் சண்டை தேய்மானத்தைப் பற்றியதல்ல, நிறத்தைப் பற்றியது. காசுகளை மதிப்பிடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கிய பிறகு, காசை அவர்களிடம் அனுப்பி, அசலா என்று பார்த்து, 70க்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்கி, பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டு விற்பதே வழக்கமாகிவிட்டது. செம்புக் காசுக்குச் சிவப்பு, சிவப்புப் பழுப்பு, பழுப்பு என்று நிறச்சான்றும் உண்டு. அந்த 70 புள்ளி அளவுகோல் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய பெரிய சென்ட் காசுகளுக்காக வகுத்தது. உலகமே அதை வைத்து நாணயத்தின் நேர்மையை அளக்கிறது. நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்து நல்ல சென்டுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அங்கே வைத்தவரும் இதே ஷெல்டன்தான் என்று பின்னாளில் தெரியவந்தது.

நிறத்தைச் சொல்லும்போது நம் வீட்டுக் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பு, பித்தளை எதைப் பார்த்தாலும் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்கார்வது நம் வழக்கம். குத்துவிளக்குக்கு அது அழகு. பழைய காசுக்கு அதுதான் சாவு. பல ஆண்டுகள் காற்றில் கறுத்து ஏறிய மேல்தோல் ஒரு தேய்ப்பில் போய்விடும், அடியில் வரும் பளபளப்பு செயற்கையான இளஞ்சிவப்பு. மதிப்பீடு செய்கிற நிறுவனம் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்து, மதிப்பெண் கொடுக்காமல் ‘துலக்கியது’ என்று எழுதித் திருப்பி அனுப்பும். பாதி விலை அங்கேயே போய்விடும். பாட்டி பெட்டியில் ஏதாவது கிடைத்தால் தயவுசெய்து கழுவாதீர்கள்.

பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் கைப்பேசிக்கு அடிக்கடி வரும் செய்தி: வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசு இருந்தால் பல லட்சம். அது 2012இல் அரசே வெளியிட்ட நினைவுக் காசு, பிழையும் இல்லை, அபூர்வமும் இல்லை. ஆண்டுக்குக் கீழே புள்ளி இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. புள்ளி நொய்டா, நட்சத்திரம் ஐதராபாத், வைரம் மும்பை, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. அவை அடித்த ஊரைச் சொல்லும் குறிகள். இந்த ஆசையை வைத்து முன்பணம் கேட்டு ஏமாற்றுகிற கும்பல்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தத் தொடங்கியதால், பழைய காசு வாங்கும் விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, வதந்தி அதற்கும் மூத்தது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்கச் சென்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். அப்போது முந்தைய ஆண்டின் செம்பு வில்லைகள் சில, அச்சு இயந்திரத்துக்குள் தப்பிப் புகுந்துவிட்டன. செம்பில் ஒரு 1943 கொண்டு வருகிறவர்களுக்கு ஹென்றி ஃபோர்டு கார் தருவார் என்று ஊரெல்லாம் பேச்சு. 1947இல் மாசசூசெட்ஸில் ஒரு பதினாறு வயது மாணவர் பள்ளி உணவகத்துச் சில்லறையில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து விசாரித்தபோது கார் கதை பொய் என்றார்கள். செம்பில் அடிக்கவே இல்லை என்றது அரசு. அவர் வாதாடவில்லை, காசை வைத்துக்கொண்டார். 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. 1943இன் போலிகளைக் காந்தம் காட்டிக் கொடுத்துவிடும், எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசியது ஒட்டிக்கொள்ளும். 1948இன் எட்டை ராவி மூன்றாக்கியவற்றைக் காந்தத்தால் பிடிக்க முடியாது. மூன்றின் வால் எப்படி வளைகிறது என்று பார்க்க வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயச்சாலை அச்சு செய்யும் முறையையே மாற்றியது. இப்போது ஒரே அமுக்கு. இரண்டாம் தடவை வைக்கிற வேலையே இல்லை என்பதால் இரட்டை அச்சு இனி வராது என்று நினைத்தார்கள். வந்தது. அமுக்கத் தொடங்கும் கணத்தில் எஃகு லேசாகச் சாய்ந்திருந்தால் தாய் அச்சு முதலில் தொடும் நடுப்பகுதியில் இரட்டிக்கிறது. ஓரத்தில் இருந்த பிழை நடுவுக்கு வந்துவிட்டது. லிங்கனின் இருநூறாவது பிறந்த ஆண்டுக்காக 2009இல் வந்த சென்டுகளில் ஒன்றில், இளைஞர் லிங்கன் மரக்கட்டை மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். சில காசுகளில் அவருக்கு ஒரு விரல் கூடுதல். பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும், விலையும் பெரும்பாலும் அதற்கேற்பத்தான். வியாபாரிகள் அவற்றைத் தட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். 1955 மட்டும் பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.